வாசப்படிக்கு உள்ளே தமிழ் இல்லை

தம்பி, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா? பையன்கிட்ட தமிழ்ல பேசாதீங்க.

கோவிச்சுக்காதீங்க. ஊஞ்சல்ல இருந்து 'இன்னும் வேகமா தள்ளுப்பா'ன்னு கத்துனான் பாருங்க, அது அங்க வரைக்கும் கேட்டுச்சு. அதான் எந்திரிச்சு இந்தப் பெஞ்சுக்கு வந்தேன். உக்காரலாம்ல? எம் பேரு பொன்ராஜ். கோவில்பட்டி. நீங்க? சங்கரன்கோயிலா! அட, நம்ம பக்கம். வந்து எத்தனை நாளாச்சு? ரெண்டு மாசமா? அப்ப சரியான நேரத்துலதான் என்னையப் பாத்திருக்கீங்க.

அந்தா, சறுக்குக்கு அங்கிட்டு நீல ஜாக்கெட் போட்டு நிக்கிறா பாருங்க, அவ எம் பொண்ணு. எட்டு வயசு. பக்கத்துல மண்ணைக் கிண்டிக்கிட்டு இருக்கவன் சின்னவன், நாலு வயசு. அங்கிட்டே விளையாடுங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். நான் தமிழ் பேசுறது அவங்க காதுல விழக்கூடாது. வீட்டு ஒழுங்கு அது. சொல்றேன், கேளுங்க. உங்களுக்கும் உதவும்.

நாங்க மெல்பர்ன் வந்து ரெண்டரை வருஷம் தாண்டிருச்சு. ஜனவரி மாசம், கொளுத்துற வெயில்ல வந்து இறங்குனோம். நான் டிராஃப்ட்ஸ்மேன், கட்டடங்களுக்கு வரைபடம் போடுறவன். என் சம்சாரம் செண்பகவல்லி, பி.எஸ்ஸி. கணக்கு, படிச்சதெல்லாம் தமிழ் மீடியம். பொண்ணு இதழினிக்கு அப்ப அஞ்சரை வயசு. சின்னவன் அகரனுக்கு ஒன்றரை. பேரெல்லாம் அவ ஆசைப்பட்டு வச்சது. இங்க வந்து பாத்தா அந்த 'ழ' ஒருத்தன் வாயிலயும் நுழையலை. பொண்ணை ஸ்கூல்ல சேக்குறப்பவே 'இனி'ன்னு சுருக்கிட்டேன்.

ஆபீஸ்ல சேந்து மூணாவது வாரம் ஒரு மீட்டிங். மாடிப்படி டிராயிங் ஒண்ணை நான் எந்திரிச்சு நின்னு விளக்குறேன். சுத்தி பத்துப் பேரு. மேனேஜர் 'சாரி?'ன்னாரு. மறுபடி சொன்னேன். 'சாரி, மேட்?'ன்னாரு. மூணாவது தடவையும் சொன்னேன். பக்கத்துல ஒரு பையன், இந்த ஊர்க்காரன், இருபத்துமூணு வயசு இருக்கும். அவனைப் பாத்து, 'இவரு என்ன சொல்ல வர்றாரு?'ன்னு கேட்டாரு. அவன் நான் சொன்னதையேதான் தம்பி சொன்னான். அதே வார்த்தை. எல்லாரும் 'ஆங்'ன்னு தலையாட்டுனாங்க. நான் போயி பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பதினஞ்சு வருஷ அனுபவம் எனக்கு. அன்னைக்கு முடிவெடுத்தேன். எம் பிள்ளைங்களைப் பாத்து இந்த ஊர்ல ஒருத்தன் 'சாரி?'ன்னு கேக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன். வாசப்படிக்கு உள்ள இங்கிலீஷ்தான். காலையில கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும். செண்பகம் சிரிச்சா. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டா. ரெண்டு நாள் கழிச்சுக் கேக்குறா, "ஏங்க, அப்ப நான் யாரு கூடங்க பேச?"

"கத்துக்கோ"ன்னேன்.

"கத்துக்கிடுதேன். அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கேட்டுக்கிட்டு இரு."

தப்பா தம்பி? தண்ணியில தள்ளிவிட்டாத்தானே நீச்சல் வரும்? நான் அடிக்கலை. அதை முதல்ல சொல்லிடுறேன், நான் கை நீட்டுற ஆளே இல்லை. ஒரே ஒரு ஏற்பாடு. யாராச்சும் தமிழ்ல ஒண்ணு கேட்டா, மத்தவங்க காதுல விழாத மாதிரி இருக்கணும். அவ்வளவுதான். அதட்டல் கிடையாது, சத்தம் கிடையாது.

பொண்ணுக்கு முதல் வாரம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் டம்ளரைத் தூக்கிட்டு வந்து, "அப்பா, தண்ணி"ன்னா. நான் லேப்டாப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன். "அம்மா, தண்ணி." செண்பகம் எந்திரிச்சா. நான் அவ கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். 'வாட்டர்'னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும் தம்பி. ஊர்லயே யு.கே.ஜி.யில படிச்சதுதான். சொல்லட்டுமேன்னு நான் பாக்குறேன். அவ டம்ளரோட நிக்கிறா. இருபது நிமிசம். அம்மா முகத்தைப் பாக்குறா, என் முகத்தைப் பாக்குறா. கடைசியில என்ன பண்ணுனா தெரியுமா? ஒண்ணும் சொல்லாம பாத்ரூமுக்குப் போயி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கை கழுவுற குழாயில வாயை வச்சுக் குடிச்சுட்டு வந்துட்டா. அஞ்சரை வயசு! என்ன வைராக்கியம் பாருங்க. அப்படியே நான்தான்.

அதுக்குப் பெறகு அவ எதையும் கேக்குறதே இல்லை. வீடு அமைதியாயிருச்சு. சண்டை கிடையாது, அடம் கிடையாது. வர்றவங்க எல்லாம் 'எவ்வளவு அடக்கமான பிள்ளை'ம்பாங்க.

செண்பகத்துக்கு ஜூன் மாசம் ஒரு போன் வந்துச்சு. அவ அப்பா தவறிட்டாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவரு அங்கேயே விழுந்துட்டாராம். போக வழியில்லை. சின்னவனுக்கு அப்ப கடுமையான சளி, எனக்கு லீவு இல்லை. போனைக் கையில வச்சுக்கிட்டே ஹால்ல உக்காந்து "எங்கப்பா, எங்கப்பா"ன்னு அழுதா. பிள்ளைங்க ரெண்டும் நிக்குது. நான் மெதுவாத்தான் சொன்னேன், "நாட் ஹியர். அவுட்சைடு." ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே? ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா பிள்ளைங்க என்ன நினைக்கும்?

போயிட்டா. பின்னாடி துணி காயப்போடுற கம்பிக்குக் கீழ நின்னு, அவ தம்பிகிட்டயும் அம்மாகிட்டயும் ஒரு மணி நேரம் அழுது பேசுனா. ஜூன் இங்க குளிர்காலம்லா, வாயில இருந்து ஆவி வருது. இனி கண்ணாடிக் கதவுல மூக்கை வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னா. நான் ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போயி செண்பகம் தோள்ல போட்டுவிட்டேன் தம்பி. நான்தான் போட்டுவிட்டேன். அதையெல்லாம் அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா.

ஆகஸ்ட் மாசம் ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் வரணும்னாங்க. போனோம். வகுப்பு டீச்சர் ஒரு சின்னப் பொண்ணு. கூட ஒரு வயசான அம்மா, பிள்ளைங்க பேச்சைக் கவனிக்கிற ஸ்பெஷல் டீச்சராம். அந்த டீச்சர் சொல்லுது, "பிப்ரவரியில இருந்து இனி இங்க ஒரு வார்த்தைகூடப் பேசலை." ஒரு வார்த்தைகூடயான்னு கேட்டேன். ஒண்ணுகூட இல்லையாம். பேரைக் கூப்பிட்டா கையைத் தூக்குறாளாம். ஒரு தடவை விழுந்து முழங்கால் கிழிஞ்சு ரத்தம் வந்தப்பக்கூடச் சத்தம் இல்லாம அழுதாளாம். காது கேக்குதான்னுகூடச் சோதிச்சுப் பாத்துட்டாங்களாம். நல்லாக் கேக்குது.

அந்தப் பெரியம்மா கேட்டாங்க, "வீட்டுல என்ன மொழி பேசுறீங்க?"

"ஒன்லி இங்கிலீஷ், மேடம்"னேன். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்.

அவங்க கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. "வீட்டுல அவ பேசுறாளா?"ன்னாங்க.

அதுக்கு நான் யோசிக்க வேண்டியதாப் போச்சு தம்பி. கடைசியா எப்பப் பேசுனா? ஞாபகம் வரலை. "நிறையப் பேசுவா"ன்னு சொல்லி வச்சேன்.

அவங்க செண்பகத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்து, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. உங்க மொழியில பேசுங்கம்மா, கதை சொல்லுங்க, பாட்டுப் பாடுங்க, ஒரு மொழி உறுதியா இருந்தாத்தான் அது மேல இன்னொண்ணு நிக்கும், இப்ப இந்தப் பிள்ளை நிக்கிறதுக்கு இடமே இல்லாம நிக்குதுன்னு. செண்பகத்துக்குப் பாதிதான் புரிஞ்சுது. 'தமிழ்'ங்கிற சொல்லு மட்டும் காதுல விழுந்துருச்சு போல, என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. போன்ல தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவான்னு டீச்சர் கேட்டுச்சு. வேண்டாம், நானே சொல்றேன்னுட்டேன்.

வெளிய வந்து கார்ல ஏறுனதும், "என்னங்க சொன்னாங்க?"ன்னா.

"வீட்டுல இன்னும் நல்லா இங்கிலீஷ் பேசிப் பழக்கணுமாம்"னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவங்க சொல்றது எல்லாத்தையும் அப்படியே கேக்கணுமா என்ன? அந்தம்மா பேரப்பிள்ளைங்க எவனும் மீட்டிங்ல நின்னு முழிக்கப் போறதில்லை. நம்ம பிள்ளைங்க நம்ம மொழியிலேயே கெடந்தா அவங்களுக்கு நல்லதுதானே? நான் அப்படித்தான் யோசிச்சேன். இப்பவும் அது தப்புன்னு தோணலை.

செப்டம்பர் மாசம் ஒரு நாள் ஆபீஸ்ல கரண்ட் போயி எல்லாரையும் மத்தியானமே அனுப்பிட்டாங்க. ரயில்ல வந்து, ஸ்டேஷன்ல இருந்து நடந்து வந்தேன். மணி நாலு இருக்கும். வீட்டுக்குள்ள போறேன், யாரும் இல்லை. செருப்பெல்லாம் கெடக்குது. கார் நிறுத்துற கராஜ்ல ஏதோ சத்தம். உள் கதவைத் தெறந்து பாத்தா, எங்க கார் நிக்குது. கண்ணாடியெல்லாம் ஏத்தியிருக்கு. பின் சீட்டுல மூணு பேரும் உக்காந்திருக்காங்க. செண்பகத்துக்குக் கார் ஓட்டவே தெரியாது தம்பி. சும்மா, நிக்கிற கார்ல.

இனி பேசிக்கிட்டு இருந்தா.

பேசுறான்னா, என்னத்தச் சொல்ல, கொட்டுறா. கையை ஆட்டுறா, மொழங்கால் போட்டு எந்திரிக்கிறா. கண்ணாடி ஏத்தியிருந்தாலும் எனக்குக் கேக்குது. "ஏம்மா, அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை இருக்குல்லா, அது மரத்துல முட்டை போட்டிருக்காம். கீழ போனா கொத்த வருதும்மா. நோவா இருக்காம்லா, அவன் தலையில ஐஸ்கிரீம் டப்பாவைக் கவுத்துக்கிட்டு ஓடுனான், அது டப்பாவுலயே டொக்குன்னு கொத்திட்டு!" சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. செண்பகம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. சின்னவன் "டொக்கு, டொக்கு"ங்கிறான். வகுப்புல இருக்கிற அத்தனை பிள்ளைங்க பேரும் அவளுக்குத் தெரியுது. யாரு என்ன சாப்பாடு கொண்டு வருவான், யாரு யாரைக் கிள்ளுனான், எல்லாம்.

நான் கொஞ்ச நேரம் நின்னேன். உண்மையைச் சொல்லணும்னா ரொம்ப நேரம் நின்னேன். எம் பொண்ணு குரலு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. கொஞ்சம் கரகரன்னு, எங்க அக்கா குரலு மாதிரி.

பெறகு கோவம் வந்துருச்சு. வரத்தானே செய்யும்? மூணு பேரும் சேந்து என்னைய ஏமாத்துறாங்க. எத்தனை நாளா நடக்குதோ! நான் ஒருத்தன் எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு ஆபீஸ்ல வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன், இங்க கூட்டம் போட்டுச் சிரிக்கிறாங்க. கண்ணாடியில ரெண்டு தட்டுத் தட்டுனேன். மெதுவாத்தான், விரலால.

இனியோட வார்த்தை பாதியில நின்னுபோச்சு. வாயி தெறந்தபடி இருக்கு, சத்தம் இல்லை. அவ உக்காந்திருந்த சீட்டு நனைஞ்சுபோச்சு. செண்பகம் அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டா. நான் கதவைத் தெறந்தேன். அப்ப இனி என்னையப் பாத்துச் சொன்னா தம்பி, "ஐ ஆம் சாரி, டாடி. ஐ வில் நாட் டூ அகெய்ன்."

அவ பேசுன முதல் இங்கிலீஷ்! முழுசா ரெண்டு வாக்கியம். எவ்வளவு தெளிவா! எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. தூக்கி முத்தம் குடுத்தேன். செண்பகத்துகிட்டச் சொன்னேன், "பாத்தியா? வருதுல்ல? நீதான் தடையா இருந்திருக்க."

அவ உள்ள போயி துணியை எடுத்துட்டு வந்து சீட்டைத் துடைச்சா.

அன்னைக்கு ராத்திரி எனக்கு எல்லாம் தெளிவாயிருச்சு. பிள்ளை பேசாததுக்குக் காரணம் ஸ்கூல் இல்லை. அம்மா இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடம் இருக்கு. அவ்வளவுதான் விஷயம். மறுநாளே டிக்கெட் போட்டேன், செண்பகத்துக்கு மட்டும். "உங்கப்பா போனதுல இருந்து அத்தை தனியா கெடக்காங்க. போயி ஆறு மாசம் கூட இருந்துட்டு வா"ன்னேன்.

"பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறேங்க."

"இனிக்கு ஸ்கூலு இருக்கு."

"சின்னவனையாச்சும் குடுங்க. பால்குடி மறந்து நாலு மாசம்கூட ஆகலைங்க."

"அவன் இங்கேயே நல்லா வளரட்டும். காப்பகத்துல இடம் சொல்லிட்டேன்."

ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாவது நாள் எங்கிட்ட வந்து, "நான் இனிமே தமிழே பேச மாட்டேங்க. சத்தியமா பேச மாட்டேன். அனுப்பாதீங்க"ன்னா. அதையும் தமிழ்லதான் சொல்றா! நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.

ஏர்போர்ட்டுல உள்ள போறதுக்கு முன்னாடி செண்பகம் இனிக்கு எதிர்ல முட்டிபோட்டு உக்காந்து, "தங்கம், அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. ஒரே ஒரு வார்த்தை"ன்னா. இனி முதல்ல என் முகத்தைப் பாத்தா. நான் ஒண்ணுமே சொல்லலை, சும்மாதான் நின்னேன். அவ அம்மாவுக்குக் கையை மட்டும் ஆட்டுனா. சமர்த்து. வழிநெடுக அழவே இல்லை. சின்னவன்தான் கார்ல தூங்குற வரைக்கும் கத்திக்கிட்டு வந்தான்.

ஆறு மாசம்னு சொன்னது இப்ப ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கூப்பிட்டுக்கலாம்னுதான் இருக்கேன். ஆனா பலன் கண்ணு முன்னாடி தெரியுது தம்பி! அடுத்த வருஷமே இனி பேச ஆரம்பிச்சுட்டா. இப்ப ஸ்கூல் பேச்சுப்போட்டியில பரிசு. மேடையில நின்னு நாலு நிமிசம். கண்ணை மூடிட்டுக் கேட்டா வெள்ளைக்காரப் பிள்ளைதான். எனக்கே பாதி புரியலைன்னா பாத்துக்கோங்களேன். வீட்டுல ஏதாச்சும் சொல்வா, நான் 'சாரி?'ன்னு கேப்பேன். 'நெவர் மைண்ட்'னு போயிருவா. போன மாசம் ஸ்கூல்ல டீச்சரைப் பாக்கப் போறப்ப, 'டாட், யூ டோன்ட் டாக். ஐ வில் டாக்'ன்னுட்டா. எவ்வளவு பொறுப்பு பாருங்க இந்த வயசுல!

செண்பகமும் சும்மா இல்லை. கோவில்பட்டியில ஏதோ ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போறாளாம். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல எழுதி வச்சுப் படிக்கிறா. ஹவ் ஆர் யூ, இனி? வாட் டிட் யூ ஈட்? இனி ஒழுங்காப் பதில் சொல்வா. நடுவுல செண்பகத்துக்குத் தாங்காது போல, "ஏம்மா, மெலிஞ்சுட்டியே"ன்னு வந்துரும். உடனே இனி தலையைத் திருப்பிக்கிட்டுக் கலர் பென்சிலை எடுத்து வரைய ஆரம்பிச்சுருவா. காதுலயே விழாத மாதிரி. நான் சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்லை இப்ப.

போன வாரம் மச்சினன் பேசுனான். அக்காவுக்கு நானே டிக்கெட் போட்டு அனுப்புறேன் மச்சான், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னான். பிள்ளைங்க பழக்கம் கெட்டுருமேன்னு சொன்னேன். அவன் போனை அவகிட்டக் குடுத்தான். அவ இங்கிலீஷ்லயே சொன்னா. ஒரு தப்பு இல்லை. ஐ வில் நாட் ஸ்பீக். ஐ வில் ஒன்லி குக்.

யோசிச்சுச் சொல்றேன்னுருக்கேன். அவசரப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துரக் கூடாதுல்ல? ஏன்னா சின்னவன் இன்னும் பேச ஆரம்பிக்கலை. நாலு வயசு முடிஞ்சிருச்சு, எந்த மொழியிலயும் ஒண்ணும் இல்லை. காப்பகத்துல அதே மாதிரி ஒரு அம்மா கூப்பிட்டு அதே கேள்வியைக் கேக்குறாங்க. நான் சொல்லிட்டேன், இவன் அக்காவும் இப்படித்தான் இருந்தா, பொறுத்துப் பாருங்க, மேடை ஏறுவான்னு.

கிளம்புறீங்களா? இருங்க தம்பி, என்ன அவசரம்? பையன் இன்னும் ஊஞ்சலை விட்டு எறங்கலையே. உங்க சம்சாரம் என்ன படிச்சிருக்காங்கன்னு நான் கேக்கவே இல்லை. சங்கரன்கோயில்ல எந்தத் தெரு? ஆடித்தபசுக்கு நானும் சின்ன வயசுல வந்திருக்கேன். கூட்டம்னா கூட்டம், அப்பா தோள்ல உக்காத்தி வச்சுத்தான் காட்டுவாரு. சும்மா ரெண்டு நிமிசம் இருங்களேன். இப்படி வாய் நெறையப் பேசி எனக்கு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? ஆபீஸ்ல ஒரு ஆளு கிடையாது. வீட்டுலயும் பேசக்கூடாது. சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, யாராச்சும் நம்மாளு கண்ணுல படுறாங்களான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நேத்து வண்டியில போறப்ப எனக்கு நானே பேசிக்கிட்டுப் போனேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

ஐயோ, அவ வர்றா. தள்ளி உக்காருங்க தம்பி, கொஞ்சம் தள்ளி. போனை எடுத்துப் பாத்துக்கிட்டு இருங்க.

யெஸ், இனி. கமிங், கமிங். சாரி?... வாட்?... நோ, நோ, நோபடி. ஐ டோன்ட் நோ ஹிம்.